ஆறு முறை தோற்ற பாதிரியார் கடைசியில் ஜெயித்த கதை தெரியுமா?

ஒரே ஒரு தேர்தலில் தோற்றாலே பலர் ஆறு மாசத்துக்கு வெளியே தலைகாட்ட மாட்டார்கள். ஒரு மனிதர் அமெரிக்க அதிபர் தேர்தலில் வரிசையாக ஆறு முறை நின்றார். ஆறு முறையும் தோற்றார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஆறு முறையும் டெபாசிட் போன கணக்கு! அதிபர் தேர்தல் மட்டுமல்ல, கவர்னர், மேயர், செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர், நகர மன்ற உறுப்பினர் என்று நின்ற தேர்தல் ஒன்றிலும் அவர் ஜெயித்ததில்லை. ஆனால் அவர் மேடையில் நின்று கேட்டவற்றில் பல இன்று அமெரிக்காவின் சட்டம்!

அவர் பெயர் நார்மன் தாமஸ். தொழில்? பாதிரியார்! சபைப் பணியை விட்டு வெளியே வந்த பிறகும் பிரசங்கத்தை விடாத பாதிரியார். அவருக்குத் தேர்தல் மேடைதான் பிரசங்க மேடை, ஓட்டுக் கேட்பதுதான் ஊழியம். அவர் வாழ்க்கையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஆச்சரியம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

வருங்கால அதிபரின் பேப்பரை வீடு வீடாகப் போட்ட பையன் தெரியுமா?

1884 நவம்பர் 20ம் தேதி, ஒஹாயோ மாநிலத்தின் மேரியன் என்ற ஊரில் பிறந்தார் நார்மன். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். அப்பா பிரஸ்பிட்டேரியன் சபைப் பாதிரியார். பாதிரியார் வீட்டில் பக்திக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். அதனால் பையன் கைச்செலவுக்காகப் பேப்பர் போடப் போனான். அந்தப் பேப்பரின் பெயர் 'மேரியன் ஸ்டார்'. அதன் முதலாளி யார் தெரியுமா? வாரன் ஹார்டிங்! 1920ல் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே ஹார்டிங்! ஒரே ஊர், ஒரே பத்திரிகை. முதலாளி ஒரே முறை நின்று அதிபர் ஆனார். பேப்பர் போட்ட பையன் ஆறு முறை நின்றும் ஆகவில்லை.

இவர் தாத்தாவுக்கும் தாய்லாந்துக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா?

அம்மாவின் அப்பா ஸ்டீபன் மட்டூன், அன்று சயாம் என்றழைக்கப்பட்ட தாய்லாந்துக்கு மிஷனரியாகப் போனவர். பைபிளின் புதிய ஏற்பாட்டைச் சயாம் மொழியில் பெயர்த்தவர். அந்த நாட்டில் அமெரிக்காவின் முதல் தூதரக அதிகாரியும் அவரே! அமெரிக்கா திரும்பிய பின் என்ன செய்தார்? அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் மீண்ட கறுப்பின மக்களுக்காக வட கரோலினாவில் தொடங்கப்பட்ட கல்லூரிக்குத் தலைவரானார். அப்பாவைப் பெற்ற தாத்தாவும் பாதிரியார்தான். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பிரசங்க ரத்தம்! பேரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியதில் என்ன ஆச்சரியம்?

அதிபரே இவருக்கு வாத்தியார் தெரியுமா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார் நார்மன். 1905ல் வகுப்பிலேயே முதல் மாணவராக வெளியே வந்தார். அங்கே அவருக்கு அரசியல் பாடம் நடத்தியவர் உட்ரோ வில்சன்! பிறகு அமெரிக்க அதிபரானவர், முதல் உலகப் போரில் நாட்டை இறக்கியவர். அந்தப் போரை எதிர்த்து முழங்கியவர்களில் ஒருவர் அவருடைய பழைய மாணவர்!

போர் எதிர்ப்பாளர்களுக்காக நார்மன் ஆசிரியராக இருந்து நடத்திய 'தி வேர்ல்டு டுமாரோ' பத்திரிகையை 1918ல் தபால் துறை முடக்கப் பார்த்தது. நண்பர்கள் வெள்ளை மாளிகைக் கதவைத் தட்டினார்கள். தடையை நீக்கச் சொன்னவர் யார்? அதே வில்சன்!

மாளிகைப் பெண்ணும் சேரிப் பாதிரியாரும் சேர்ந்தது எப்படித் தெரியுமா?

நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, காசநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த வயலட் ஸ்டூவர்ட் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1910ல் கல்யாணம். பெண் வீட்டார் சாதாரண ஆட்கள் இல்லை! தாத்தா ஜான் ஸ்டூவர்ட் பெரிய வங்கி அதிபர். ஆப்ரகாம் லிங்கன் அதிபராக இருந்தபோது நியூயார்க்கில் மத்திய அரசின் கருவூலப் பொறுப்பை வகித்தவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர்!

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கணவரோடு எங்கே குடிபோனார்? கிழக்கு ஹார்லெமுக்கு! இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்திறங்கிய கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. 1911ல் பாதிரியாராக அபிஷேகம் பெற்ற நார்மனுக்கு அங்கேதான் சபை.

ஒரு பாதிரியாரை அரசியலுக்குத் தள்ளியது எது தெரியுமா?

பைபிள்தான்! அந்தக் காலத்தில் வால்டர் ரவுஷன்புஷ் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார் ஒரு கருத்தைப் பரப்பிவந்தார். ஒவ்வொரு ஆத்துமாவையும் தனித்தனியே மீட்டால் போதாது, பசியையும் சேரியையும் உண்டாக்கும் சமுதாயத்தையும் மீட்க வேண்டும் என்பது அவர் வாதம். 'சமூக நற்செய்தி' என்று பெயர் பெற்ற இந்தக் கருத்து இளம் நார்மனை அப்படியே பிடித்துக்கொண்டது. பசித்தவனுக்குச் சாப்பாடு போடு என்று ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோமே, அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று திங்கட்கிழமை கேட்க வேண்டாமா? கிழக்கு ஹார்லெமின் சந்துகளில் நடக்க நடக்க, இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அப்புறம் போர் வந்தது. கொலை செய்யாதே என்ற கட்டளைக்குப் போர்க்காலத்தில் மட்டும் விடுமுறை உண்டா? கிடையாது என்றார் நார்மன். 1917 நியூயார்க் மேயர் தேர்தலில், போரை எதிர்த்து நின்ற சோஷலிஸ்ட் வேட்பாளரை வெளிப்படையாக ஆதரித்தார். அவ்வளவுதான்! சபையின் ஏழைகளுக்கு நன்கொடை தந்துவந்த பெரிய மனிதர்கள் கையை இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். தன்னால் ஏழைகளின் வயிற்றில் அடி விழக்கூடாது என்று 1918ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

அண்ணன் தம்பி நால்வர், இருவர் போருக்கு, இருவர் போருக்கு எதிராக... தெரியுமா?

தாமஸ் வீட்டில் ஆண் பிள்ளைகள் நான்கு பேர். முதல் உலகப் போரில் இரண்டு பேர் ராணுவத்தில் சேர்ந்தார்கள். நார்மனும் தம்பி இவானும் போரே பாவம் என்று நின்றார்கள். இவானுக்கு நேர்ந்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும்! மனசாட்சி இடம் தரவில்லை என்று ஆயுதம் ஏந்த மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றம் விதித்தது ஆயுள் தண்டனை! பிறகு அது 25 ஆண்டாகக் குறைந்தது. லெவன்வொர்த் சிறையில் நாளெல்லாம் கம்பிக் கதவோடு கைகளை விலங்கிட்டு நிற்க வைத்தார்கள். அண்ணன் நார்மன் வெளியே பேசினார், எழுதினார், அதிகாரிகளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். போர் முடிந்த பின் 1919ல் இவான் விடுதலையானார். இப்படிப் போருக்கு மறுத்தவர்களின் கதையைத்தான் 1923ல் நார்மன் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்.

இவர்களைப் போன்றவர்களுக்காக வாதாட 1917ல் ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் நார்மனும் ஒருவர். 1920ல் அது 'அமெரிக்கக் குடிமைச் சுதந்திரச் சங்கம்' ஆயிற்று. இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களில் பேச்சுரிமைக்காக வழக்காடுகிறது!

அம்மாவுக்காகவே பாதிரியாராக நீடித்தார் தெரியுமா?

சபைப் பணியை 1918லேயே விட்டுவிட்டார். ஆனால் பாதிரியார் பட்டத்தை மட்டும் பல வருஷம் துறக்கவில்லை. காரணம், அம்மா எம்மா. மகன் அரசியலில் நின்றாலும், ஊரே தூற்றினாலும் அந்தத் தாய் தாங்கிக்கொள்வார். மகன் ஊழியத்தையே துறந்துவிட்டான் என்ற செய்தியைத் தாங்கமாட்டார் என்று மகனுக்குத் தெரியும். 1931ல் அம்மா காலமானார். அதன் பிறகே நார்மன் பட்டத்தை முறைப்படி ஒப்படைத்தார். அங்கி போனது, அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாத அந்த மனசு போகவில்லை!

இவர் நிற்காத தேர்தல் உண்டா தெரியுமா?

பட்டியலைப் பாருங்கள்! 1924ல் நியூயார்க் கவர்னர் தேர்தல். 1925ல் மேயர் தேர்தல். 1926ல் மாநில செனட். 1927ல் நகர மன்றம். 1928ல் நேராக அதிபர் தேர்தல்! 1929ல் மறுபடி மேயர் தேர்தல், அதில் மட்டும் சுமார் 1,75,000 ஓட்டு! 1930ல் காங்கிரஸ், 1931ல் மன்ஹாட்டன் பகுதித் தலைவர் பதவி, 1934ல் அமெரிக்க செனட், 1938ல் மறுபடி கவர்னர். மூச்சு வாங்குகிறதா? அவருக்கு வாங்கவில்லை!

சோஷலிஸ்ட் கட்சிக்கு முன்பு யூஜின் டெப்ஸ் என்ற பெரும் தலைவர் இருந்தார். ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்றவர். 1920ல் சிறைக்குள் இருந்தபடியே ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியவர்! 1926ல் டெப்ஸ் மறைந்தார். அந்த இடத்துக்குத்தான் வந்தார் ஆறடிக்கு மேல் உயரமும் கணீரென்ற குரலும் கொண்ட நம் பாதிரியார்.

ஆறு தேர்தலில் எவ்வளவு ஓட்டு தெரியுமா?

1928: சுமார் 2,67,000. 1932: சுமார் 8,84,000. 1936: சுமார் 1,88,000. 1940: சுமார் 1,16,000. 1944: சுமார் 79,000. 1948: சுமார் 1,39,000.

அவருடைய சிகரமே 1932தான். பெரும் பொருளாதார வீழ்ச்சி. வங்கிகள் மூடிக் கிடந்தன, வேலை செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அப்போதும் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு இரண்டே சொச்சம்! ஒரு மாநிலம்கூடக் கைக்கு வரவில்லை.

ஒருமுறை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: அதிபராக இருப்பதைவிட நியாயத்தின் பக்கம் இருப்பதையே விரும்புகிறேன், ஆனால் இரண்டுமாக இருக்கவும் எந்த நேரமும் தயார்! அந்த நேரம் கடைசிவரை வரவே இல்லை.

தோற்றவரின் தேர்தல் அறிக்கை சட்டமான அதிசயம் தெரியுமா?

மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள், இதுதான் இந்தக் கதையின் உச்சம்! 1932ல் நார்மன் தாமஸ் எந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டார்? வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கமே நிவாரணம் தரட்டும். அரசாங்கமே பொதுப்பணிகளைத் தொடங்கி வேலை கொடுக்கட்டும். வேலை போனால் காப்பீடு வேண்டும். முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வேண்டும். குழந்தைத் தொழில் ஒழிய வேண்டும். வேலை நேரம் குறைய வேண்டும். நோய்வாய்ப்பட்டால் மருத்துவக் காப்பீடு வேண்டும்.

அன்று இதையெல்லாம் காதில் வாங்கியவர்களில் பலர், நாட்டையே குட்டிச்சுவராக்கும் பைத்தியக்காரத் திட்டம் என்றார்கள். நடந்தது என்ன?

1935 ஆகஸ்ட் 14ம் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், 1932 தேர்தலில் ஜெயித்த அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். முதியோர் ஓய்வூதியம் வந்தது, வேலை இழந்தோர் காப்பீடு வந்தது! 1938ல் நியாயமான தொழில் தரச் சட்டம். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என்று முதன்முதலாக நாடு முழுமைக்கும் வந்தது. வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது, குழந்தைத் தொழிலுக்குக் கடிவாளம் வந்தது! பாலங்களும் சாலைகளும் பள்ளிக்கூடங்களும் கட்டும் அரசு வேலைகளில் லட்சக்கணக்கானவர்கள் கூலி வாங்கினார்கள். 1965ல் முதியோருக்கான மருத்துவக் காப்பீடும் வந்தது. 33 வருஷம் முன்பு அதைக் கேட்டவருக்கு, அந்தச் செய்தியைக் காதால் கேட்கும்போது வயது 80!

இவை அவர் ஒருவர் சாதித்தவை அல்ல. தொழிற்சங்கங்களும் சீர்திருத்தவாதிகளும் மற்றக் கட்சிகளின் நல்லவர்களும் சேர்ந்து இழுத்த தேர் இது. ஆனால் யாரும் வடத்தைத் தொடத் தயங்கிய காலத்தில் முன்னால் நின்று பிடித்த கைகளில் அவர் கையும் ஒன்று.

'உங்கள் திட்டத்தை ரூஸ்வெல்ட் நிறைவேற்றிவிட்டாரே!' என்றதற்கு என்ன பதில் சொன்னார் தெரியுமா?

அறிக்கையில் பாதியை ரூஸ்வெல்ட் எடுத்துக்கொண்டதும் சோஷலிஸ்ட் கட்சியின் ஓட்டு கரைந்தது. மேலே பாருங்கள், எட்டே முக்கால் லட்சம் நாலே வருஷத்தில் இரண்டு லட்சத்துக்குக் கீழே! எல்லாரும் இவரிடம் வந்து, உங்கள் திட்டத்தைத்தான் அவர் தூக்கிக்கொண்டு போய்விட்டாரே என்றார்கள். ஆமாம், ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார் என்றார் இவர்! கேட்டது முழுசு, கிடைத்தது காயம்பட்ட பாதி என்ற ஆதங்கம் அது.

'சீமாட்டிகளே, கனவான்களே' என்று தொடங்கியதும் மேடையிலிருந்து இழுத்துத் தள்ளிய ஊர் தெரியுமா?

அர்கன்சா மாநிலம், பருத்திக் காடு. விலை ஏற வேண்டும் என்பதற்காகப் பருத்திச் சாகுபடியைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் பணம் கொடுத்தது. பணம் போய்ச் சேர்ந்தது நிலச்சுவான்தார்களின் கைக்கு. நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைகளுக்கு? வேலை இல்லை, வீட்டைக் காலி செய் என்ற உத்தரவு! 1934 தொடக்கத்தில் அங்கே போன நார்மன் அவர்கள் நிலையைக் கண்ணால் பார்த்தார். சங்கம் வையுங்கள் என்றார். அந்த ஜூலையில் டைரன்சா என்ற ஊரருகே 18 பேர் கூடினார்கள், வெள்ளையர் 11 பேர், கறுப்பர் 7 பேர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், தெற்கு மாநிலத்தில், ஒரே சங்கம்! நினைத்தாலே சிலிர்க்கிறது!

1935 மார்ச்சில் பேர்ட்சாங் என்ற சிற்றூரில் கூட்டம். நார்மனை அறிமுகப்படுத்த ஹோவர்டு கெஸ்டர் என்ற இளம் பாதிரியார் எழுந்தார். சீமாட்டிகளே, கனவான்களே என்று வாயெடுத்தார். இங்கே சீமாட்டியும் இல்லை, மேடையில் கனவானும் இல்லை என்று கூட்டத்திலிருந்து ஒரு கத்தல்! நிலச்சுவான்தார்களின் ஆட்கள் ஆயுதங்களோடு வந்திருந்தார்கள். நார்மனை மேடையிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள், காரில் ஏற்றி அந்த மாவட்டத்தின் எல்லை தாண்டும்வரை துரத்தினார்கள்.

உயிர் தப்பியவர் நேரே போய் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார். தெற்கில் புதிய தலைமுறைத் தலைவர்கள் வருகிறார்கள், பொறுமையாக இருப்போம் என்றார் அதிபர். பசித்தவனிடம் பொறுமையைப் பற்றிப் பேச நார்மனால் முடியவில்லை. நாடு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சொந்த நாட்டுக்குள்ளேயே 'நாடு கடத்தப்பட்ட' அதிபர் வேட்பாளர் தெரியுமா?

நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஜெர்சி சிட்டி. அங்கே மேயர் ஃபிராங்க் ஹேக் வைத்ததுதான் சட்டம். 'நானே சட்டம்' என்று அவர் சொன்னது அமெரிக்க அரசியலில் இன்றுவரை பழமொழி போல நிற்கிறது! தொழிற்சங்கக்காரர்கள் தெருவில் பேசவோ துண்டுப் பிரசுரம் கொடுக்கவோ கூடாது.

1938 ஏப்ரல் 30, மே தினத்துக்கு முதல் நாள். ஜர்னல் சதுக்கத்தில் பேசுவதற்காக மனைவி வயலட்டோடு வந்து இறங்கினார் நார்மன். அதற்குள் மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றுவிட்ட மனிதர், வயது 53. பேச வாய் திறக்கவில்லை, போலீசார் மொய்த்துவிட்டார்கள்! வண்டிக்குள் தள்ளினார்கள், படகுத் துறைக்குக் கொண்டுபோனார்கள், நியூயார்க் போகும் படகில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் விட்டாரா? அக்கரையில் இறங்கி உடனே திரும்பி வந்தார்! மறுபடி பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து நகரமான நியூவார்க்கில் அவர் பேசப்போனபோது வரவேற்றது அழுகிய முட்டை!

மறு வருஷமே, தொழிற்சங்கங்கள் ஹேக் மீது போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தெருக்களும் பூங்காக்களும் மக்கள் கூடிப் பேசுவதற்கான இடங்கள்! 1939ல் வந்த அந்தத் தீர்ப்பு, அமெரிக்காவில் பொதுக்கூட்டம் நடத்தும் உரிமைக்கு இன்றும் அஸ்திவாரம்.

1,20,000 பேரை முள்வேலிக்குள் அடைத்தபோது பேசிய குரல் யாருடையது தெரியுமா?

ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த சமயம். 1942 பிப்ரவரி 19ம் தேதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பேரில் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்! வழக்கு இல்லை, விசாரணை இல்லை. நாடே வாய் மூடி இருந்தது. தேசிய அளவில் பெயர் பெற்ற தலைவர்களில் இதை வெளிப்படையாகக் கண்டித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நார்மன் தாமஸ் அதில் ஒருவர். அந்த வருஷமே ஒரு சிறு நூல் எழுதிப் பரப்பினார். தான் கூட இருந்து தொடங்கிய குடிமைச் சுதந்திரச் சங்கமே இந்த ஆணையை நேருக்கு நேர் எதிர்க்கத் தயங்கியபோது, அதையும் கண்டித்தார்!

46 வருஷம் கழித்து, 1988ல் அமெரிக்க அரசாங்கம் அந்த மக்களிடம் சட்டப்படி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் இழப்பீடு. அன்று துணிந்து பேசியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அவர் பக்கமும் தவறு உண்டு, தெரியுமா?

உண்டு, அதையும் சொல்ல வேண்டும். போர் என்றாலே பாவம் என்ற உறுதியில், இரண்டாம் உலகப் போரிலும் அமெரிக்கா இறங்கக்கூடாது என்று 1941 வரை முழங்கினார். போரில் இறங்கக்கூடாது என்று பிரசாரம் செய்த பிரபல விமானி சார்லஸ் லிண்ட்பர்க் பேசிய கூட்டத்தில் தானும் ஏறிப் பேசினார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பிய யூத அகதிகளுக்குக் கதவைத் திறங்கள் என்று அதே காலத்தில் கேட்டவரும் அவர்தான். ஆனாலும் ஹிட்லரை ஆயுதம் இல்லாமல் நிறுத்தியிருக்க முடியாது என்று வரலாறு காட்டிவிட்டது. ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அவரும் போரைக் குறை சொல்லிக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கண் தப்பவில்லை. 1937ல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர், ஸ்டாலினின் அடக்குமுறையை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். முதலாளிகள் அவரைக் கம்யூனிஸ்ட் என்றார்கள், கம்யூனிஸ்டுகளோ முதலாளிகளின் ஆள் என்றார்கள். இரண்டு பக்கமும் அடி!

அவர் சொல்லாத ஒரு வாசகம் அவர் பெயரில் உலா வருகிறதே, தெரியுமா?

அமெரிக்க மக்கள் தெரிந்து சோஷலிசத்தை ஏற்கமாட்டார்கள், வேறு பெயரில் கொடுத்தால் துண்டு துண்டாக விழுங்கிவிடுவார்கள் என்ற கருத்தில் ஒரு வாசகம் நார்மன் தாமஸ் சொன்னதாக இன்றும் சுற்றுகிறது. முதியோர் மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து 1961ல் வெளிவந்த இசைத்தட்டில், அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன் இதை எடுத்துச் சொன்னார். நார்மனின் பேச்சிலும் எழுத்திலும் துருவித் துருவித் தேடியவர்களுக்கு இது கிடைக்கவே இல்லை! இனி யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள்.

கொடியை எரிக்காதே, துவை என்றவர் இவர்தான் தெரியுமா?

1948தான் கடைசி அதிபர் தேர்தல். ஓய்ந்தாரா? 1957ல் அணு ஆயுத எதிர்ப்புக்கான 'சேன்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். வியட்நாம் போரை எதிர்த்து 1965 நவம்பரில் வாஷிங்டனில் பெரும் பேரணி. மூட்டுவலியும் மங்கிய கண்ணுமாக 81 வயதில் மேடை ஏறினார். அமெரிக்கா தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வதைவிட ஆத்துமாவைக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்றார். கோபத்தில் கொடியை எரித்த இளைஞர்களிடம், எரிப்பதைவிட அதைத் துவைத்துச் சுத்தமாக்குங்கள் என்றார். பாதிரியார் அல்லவா! பாவத்தைக் கழுவலாம், பாவியை எரிக்கக்கூடாது என்ற பாடம் அது.

பிறந்தநாள் பரிசுப் பணத்தை என்ன செய்யப் போவதாகச் சொன்னார் தெரியுமா?

80 வயது நிறைவுக்கு நியூயார்க்கில் விழா எடுத்தார்கள். அன்பர்கள் சேர்ந்து 17,500 டாலருக்குக் காசோலை கொடுத்தார்கள். இது அதிக நாள் தாங்காது, நான் இருக்கும் எல்லாச் சங்கமும் திவாலாகிக்கொண்டிருக்கிறது என்றார்! தனக்கென்று வைத்துக்கொள்ளும் எண்ணமே அந்த வாயில் வரவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் 'நான் பார்த்த மகா தைரியசாலி' என்றது யாரைத் தெரியுமா?

சிறைக்கும் குண்டுக்கும் அஞ்சாத கிங், 1965ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தலைப்பின் பொருள், நான் சந்தித்தவர்களிலேயே மிகத் தைரியமான மனிதர். கட்டுரை முழுக்க நார்மன் தாமஸ்தான்!

அதில் ஒரு காட்சி வருகிறது. 1963, கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி. லட்சக்கணக்கில் ஜனம். வாஷிங்டன் நினைவுத் தூண் அருகே ஒரு கறுப்பினச் சிறுவன், பேசிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று அப்பாவைக் கேட்கிறான். அப்பா சொல்கிறார்: அவர்தான் நார்மன் தாமஸ், மற்ற வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே நம் பக்கம் நின்றவர்.

ஆறு தேர்தலிலும் கிடைக்காத ஓட்டு அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது!

கடைசியாக ஒன்று தெரியுமா?

1968 டிசம்பர் 19ம் தேதி, லாங் ஐலண்டில் ஹண்டிங்டன் என்ற ஊரின் முதியோர் இல்லத்தில், 84 வயதில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வாழ்நாளில் ஒரு நாள்கூட மக்கள் ஓட்டில் வென்ற பதவி நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. தோற்ற காரியங்களுக்கு வக்காலத்து வாங்குபவர் என்று யாராவது சொன்னால் அவர் திருத்துவார்: இல்லை, இன்னும் ஜெயிக்காத காரியங்களுக்கு!

அடுத்த தேர்தலில் வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் ஜெயித்தவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டியலின் அடியில், டெபாசிட் போனவர்கள் வரிசையில், மனசாட்சிக்காக நின்றவர் யாராவது இருந்தால் அவர் என்ன கேட்டார் என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் அனுபவிக்கப்போகும் சட்டம் அதில் எழுதியிருக்கலாம்.